உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்: வாகனத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும்

தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வாகனத்தில் கொண்டுசெல்வது குறித்து 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாய் திறக்கவில்லை என்பது நம் சட்ட ஆய்வுகளில் யாரும் கேள்வி கேட்காத முடிவாகிவிட்டது. துப்பாக்கிக்கு உரிமம் உண்டா, தோட்டாவுக்கு உரிமம் உண்டா என்று சட்டம் கேட்கிறது. தோட்டா குழலுக்குள் கிடக்கிறதா, பெட்டிக்குள் கிடக்கிறதா என்று அது கேட்பதில்லை என்கிறார்கள். இதற்கு ஒரு வரலாற்று விளக்கமும் தயாராக இருக்கிறது. நம் ஆயுதச் சட்டம் நாட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கப் பிறந்தது. ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதே அதற்குப் பொருட்டு. எப்படி இருக்கிறது என்பது பொருட்டல்ல. இந்த விளக்கத்தின் முற்பாதியை நான் ஏற்கிறேன். பிற்பாதி தவறு என்பதும், தவறுக்குக் காரணம் 20-ஆம் பிரிவை யாரும் நின்று படிக்காததே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முற்பாதிக்குத் திருச்சிராப்பள்ளியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1801 ஜூன் 16 அன்று மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயிலின் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24-இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கவும் ஆணையிட்டது. அந்தப் பிரகடனத்துக்கு மனிதனே குறி. 1860-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டமும், லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டமும் அதே தடத்தில் வந்தவை என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே வேறு நோக்கில் எழுதப்பட்ட ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு வருமுன், தோட்டா ஏற்றுதல் என்ற செயல் சட்டத்தின் கணக்கில் ஏன் காணாமல் போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

3-ஆம் பிரிவின்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ உரிமமின்றிப் பெறுவதும் வைத்திருப்பதும் சுமந்து செல்வதும் தடை. இரண்டும் தனித்தனிப் பொருள்கள். காலித் துப்பாக்கி வைத்திருந்தாலும் குற்றம், துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் குற்றம். விமான நிலையத்தில் பைக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டு நீதிமன்றம் ஏறியவர்களின் வழக்குகள் எத்தனையோ உண்டு. எனவே தோட்டாவைக் குழலுக்குள் நுழைப்பதால் 3-ஆம் பிரிவின் கீழ் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தடா சட்டத்தின் 5-ஆம் பிரிவு உதவும். அங்கே துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வாசித்தது. சுடத்தக்க நிலை என்ற கருத்து நம் சட்ட மரபுக்கு அந்நியமில்லை என்பதற்கு இதுவே போதும். பொதுச் சட்டத்தில் அது எங்கே போய் ஒளிந்தது என்பதுதான் கேள்வி.

20-ஆம் பிரிவு சொல்வது இது. ஒருவர் ஆயுதத்தையோ தோட்டாவையோ, உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுமந்து செல்லும் அல்லது ஏற்றிச் செல்லும் விதமோ சூழ்நிலையோ, சட்டவிரோத நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்த அவர் எண்ணுகிறார் என்றோ, அப்படி அது பயன்படுத்தப்படக்கூடும் என்றோ நியாயமான ஐயத்துக்கு இடம் தருமானால், நடுவரோ காவலரோ வேறு அரசு ஊழியரோ, ரயில், விமானம், கப்பல், வாகனம் ஆகியவற்றில் வேலை செய்பவரோ அவரைப் பிடியாணையின்றிக் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம்.

இதை வெறும் கைது அதிகாரம், நடைமுறைப் பிரிவு என்று சொல்லித் தாண்டிப் போவதே வழக்கம். குற்றம் எது என்பதை 3-ஆம் பிரிவும் 25-ஆம் பிரிவும் சொல்கின்றன. 20 வெறும் கைப்பிடி என்பது அந்த வாசிப்பு. அப்படியானால் 'உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்ற தொடருக்கு அங்கே என்ன வேலை? ஆயுதச் சட்டம் முழுக்க உரிமத்தைச் சுற்றியே எழுப்பப்பட்டது. உரிமம் உள்ளவன், இல்லாதவன் என்று மனிதரைப் பிரிப்பதே அதன் தொழில். அந்தச் சட்டம் ஒரே ஓரிடத்தில் உரிமத்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, துப்பாக்கி எந்த விதத்தில் போகிறது என்று குனிந்து பார்க்கிறது. யார் என்பதை மட்டுமே கேட்கும் சட்டம் என்ற விளக்கத்துக்கு இந்த ஒரு தொடர் இடங்கொடுக்கவில்லை.

இது 1959-இல் தவறிப்போய் ஒட்டிக்கொண்ட தொடரும் அன்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. அந்தப் பழைய சட்டம் துப்பாக்கியின் பயணத்தை நான்காகப் பகுத்துப் பார்த்தது: 10-ஆம் பிரிவில் சரக்காக அனுப்புவது, 12-இல் ஐயத்துக்கு இடமாக ஏற்றிச் செல்வது, 13-இல் ஆயுதபாணியாக நடமாடுவது, 14-இல் வைத்திருப்பது. 1959-இல் இந்த நால்வரிசை கலைந்தது. சரக்காக அனுப்புவது 12-ஆம் பிரிவாகத் தனியே நின்றது. ஆயுதபாணியாக நடமாடுவது என்ற தனிக் குற்றம் மறைந்து, 3-ஆம் பிரிவில் 'சுமந்து செல்வது' என்ற பொதுச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. வண்டியில் மடித்துக் கட்டிய துப்பாக்கிக்கும் தோளில் தயாராகத் தொங்கும் துப்பாக்கிக்கும் இருந்த வேறுபாடு அத்தோடு சட்டத்தை விட்டுப் போய்விட்டது என்று முந்தைய ஆய்வுகள் கருதுவது இதனால்தான். போகவில்லை, இடம் மாறியது என்று நான் வாசிக்கிறேன். பழைய 13-ஆம் பிரிவு போன பிறகு, சுமந்து செல்லும் 'விதம்' என்ற கேள்வி 20-ஆம் பிரிவில் மிஞ்சியது. அது இரட்டைச் சுமை சுமக்கிறது. நாடாளுமன்றம் இதை உணர்ந்தே செய்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். சட்ட வாசகம் அந்தச் சுமையைத் தாங்குகிறது என்பது மட்டும் உறுதி.

1878-க்கும் 1959-க்கும் இடையில் நடந்த ஒரு மாற்றம் இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. பழைய 12-ஆம் பிரிவில் எவரும் கைது செய்யலாம். புதிய பிரிவு அந்த 'எவரும்' என்பதை நீக்கிவிட்டு, அதிகாரிகளுக்கு அடுத்தபடி வண்டியில் வேலை செய்பவர்களை மட்டும் பேர் சொல்லிச் சேர்த்தது. தெருவில் போகும் பொதுமகனிடமிருந்து பறித்த அதிகாரத்தைப் பஸ் கண்டக்டருக்கும் ரயில் டிக்கெட் பரிசோதகருக்கும் ஏன் கொடுத்து வைத்தார்கள்? இந்தப் பிரிவின் களம் வாகனம் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. 36-ஆம் பிரிவு இதற்குத் துணை நிற்கிறது. சட்டமீறலான ஆயுதம் இருக்கும் என்று ஐயுறத்தக்க பெட்டியோ பொட்டலமோ வண்டியில் வந்தால் வண்டிப் பணியாளர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாததற்குத் தக்க காரணம் இருந்ததென்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். திருச்சி பால்பண்ணைப் பக்கம் லாரிகளில் சரக்கேற்றும் கூடங்களில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கடமை தெரியும் என்பது வேறு கதை.

இனி, தோட்டா ஏற்றியிருப்பது எந்த அளவுக்கு ஒரு 'விதம்' ஆகும்? இதில்தான் முந்தைய ஆய்வுகள் வெளிநாட்டு அளவுகோலைக் கொண்டுவந்து வைத்து இடறுகின்றன. ஏற்றியதா காலியா என்ற கேள்வி எல்லா இடத்திலும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பது அவர்களின் எண்ணம். இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்திலேயே அப்படி இல்லை. அதன் 19-ஆம் பிரிவில், பொது இடத்தில் ஷாட்கன் வைத்திருந்தால்தான் தோட்டா ஏற்றியதா என்ற கேள்வி வருகிறது. பிற துப்பாக்கிகள் ஏற்றியிருந்தாலும் காலியாக இருந்தாலும், பொருந்தும் தோட்டா கூடவே இருந்தால் போதும், குற்றம்தான். அந்தப் பிரிவும் தக்க காரணம் உண்டா என்று சூழ்நிலையைக் கேட்காமல் விடுவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு ஏ.டி.எம். வாசலில் பணம் நிரப்ப வந்து நிற்கும் வேனைப் பாருங்கள். பின்கதவு திறக்கும்போது சீருடையில் ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியை மார்போடு அணைத்து, குழல் வானைப் பார்க்க நிற்பார். நடைபாதையில் பூக்கட்டுகிற அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பணம் கொண்டுசெல்லும் வேன்களுக்கான 2018-ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஒவ்வொரு வேனிலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருவரைக் கேட்கின்றன. ஒருவர் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில், மற்றவர் பின்னால். கொள்ளையனைத் தடுக்க வைத்த துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் சொன்னால் அது தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும். இதே இரட்டைக்குழல் துப்பாக்கி, இதே தோட்டாவோடு, நள்ளிரவில் எண்பலகை இல்லாத காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தால்? துப்பாக்கியின் நிலை ஒன்றே, விதம் வேறு. 20-ஆம் பிரிவு பிடிப்பது இந்த வேறுபாட்டை. ஏற்றியதா காலியா என்ற ஒற்றைக் கேள்வியால் அதைப் பிடிக்க முடியாது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. துவாக்குடியை அடுத்த தேவராயநேரி நரிக்குறவர் குடியிருப்பை திருச்சிக்காரர்கள் அறிவார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடக்கும்வரை இச்சமூகத்தின் பிழைப்புக் கருவி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதில் கருமருந்தைக் குழல்வாயில் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, மேலே ஈயரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். பின்புறத்து முனையில் கேப் வைத்தால்தான் விசை இழுக்கும்போது தீப்பிடிக்கும். தோட்டாத் துப்பாக்கியை நொடியில் மடக்கிக் காலி செய்துவிடலாம். கெட்டித்த மருந்தை எடுக்க வேண்டுமென்றால் ஒன்று சுட வேண்டும், அல்லது திருகுமுனைக் கம்பியை விட்டுச் சிரமப்பட்டுத் தோண்ட வேண்டும். இந்தத் துப்பாக்கி எப்போது 'ஏற்றியது'? மருந்து உள்ளே இருந்தாலா, கேப் மேலே இருந்தாலா? அமெரிக்காவின் சில மாநிலங்கள் கேப்பை எடுத்துவிட்டாலே அது காலி என்று கொள்கின்றன. ஏற்றியதைத் தடுக்கும் பொதுவிதியை அப்படியே இறக்குமதி செய்தால் அது முதலில் போய் விழுவது பணக்காரரின் பிஸ்டல் மீதன்று, மிக எளிய துப்பாக்கியின் மீது. 'விதம்' என்ற சொல்லோ இதைத் தாராளமாக உள்வாங்கும். கேப் இல்லாமல், சாக்கில் சுற்றி, பஸ்ஸின் மேல்தளத்தில் வைத்தது ஒரு விதம். கேப் பொருத்தி மடியில் வைத்துக்கொண்டு போவது வேறு விதம்.

பிரிவு 20 தண்டனை எதையும் விதிக்கவில்லையே என்று கேட்கலாம். விதிக்கவில்லை. தண்டனை 30-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிம நிபந்தனையையோ விதியையோ மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அந்த விதத்துக்கு உருவம் கொடுத்தன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ இருக்க வேண்டும், மற்றத் துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். எதுவாயினும் முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும். சுமப்பவரின் திறம்பட்ட கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் துப்பாக்கியை அசட்டையாகக் கையாண்டு உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை வைத்தது. இவற்றை 20-ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்காமல் சட்டம் மௌனம் என்று எழுதுவது எளிது.

'திறம்பட்ட கட்டுப்பாடு' என்ற நிபந்தனையை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் காரில் துப்பாக்கி காலியாகவும், பயணிகள் பகுதியிலிருந்து கைக்கு எட்டாமலும் இருக்கக் கேட்கிறது. டிக்கியில் பூட்டி வைத்தால் அங்கே நல்லது. இங்கே? உரிமம் உள்ள ஒருவர் குடும்பத்தோடு சேலத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்கென்று எடுத்து வந்த ரிவால்வரை டிக்கியில் பூட்டி, கொள்ளிடக் கரையோரம் காரை நிறுத்திவிட்டு, பெரிய பெருமாளைச் சேவிக்க வரிசையில் நின்றுவிடுகிறார். நான்கு மணி நேரம் ஆகும். வைத்திருத்தல் என்பதற்கு ஆயுதம் உடலோடு ஒட்டியிருக்க வேண்டியதில்லை, அதிகாரமும் கட்டுப்பாடும் போதும் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே துப்பாக்கி சட்டப்படி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அது 2016-ஆம் ஆண்டு விதி கேட்கும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இல்லை என்பதே என் வாசிப்பு. தோட்டாவைக் கழற்றி வைத்திருந்தாலும் இல்லைதான். காரில் ஓட்டுநர் காத்திருந்தாலோ நிலைமை இன்னும் சிக்கல். உரிமக்காரர் அருகில் இருக்கும்போதோ, எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கும்போதோதான் 3-ஆம் பிரிவின் விலக்கு மற்றவரைக் காக்கும். அந்தக் காகிதம் இல்லாத ஓட்டுநர், டிக்கியில் என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தால், வாகனத்தைக் கூட்டாகக் கையாள்பவர்களைப் பொறுப்பாளியாக்கும் 35-ஆம் பிரிவின் நிழலுக்குள் வந்துவிடுகிறார்.

கோயிலுக்குள் கொண்டுபோயிருக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. சந்தைக்கும் சமய ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் சிறப்பு அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது 1962-ஆம் ஆண்டு விதிகளின் மூன்றாம் படிவத்திலேயே இருந்த உரிம நிபந்தனை. சித்திரைத் தேர் ஓடும் நாளில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி முழுவதும் சமய ஊர்வலம்தான். அதே வீதியில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள், அவர்களின் கார்களும் நிற்கின்றன. தேரன்று தன் வீட்டுக்குத் திரும்பும் உரிமக்காரர் ஊர்வலத்துக்கு ஆயுதம் 'கொண்டுபோகிறாரா'? இடத்தை மட்டும் பார்த்தால் ஆம். விதத்தைப் பார்த்தால், உறையில் மூடி, தோட்டா வேறு பெட்டியில் இருக்க, வீடு போய்ச் சேருகிறவரையும் இடுப்பில் ஏற்றிய பிஸ்டலோடு வடம் பிடிக்க வருகிறவரையும் ஒன்றாகத் தள்ள முடியாது. தோட்டா ஏற்றியிருப்பது நம் சட்டத்தில் எடையுள்ள சான்றாக நிற்கும் இடம் இது. அதுவே குற்றமில்லை. குற்றத்தின் விதத்தைக் காட்டும் முதல் அடையாளம் அது.

இந்த வாசிப்பு காவலர் கையில் அளவற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்ற மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. அந்த அதிகாரம் 23-ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஐயமும் இல்லாமலே வண்டியை நிறுத்திச் சோதிக்க அது இடம் தருகிறது. நியாயமான ஐயத்தைக் கேட்கும் 20-ஆம் பிரிவு அதைவிடக் கட்டுப்பாடானது. தீர்ப்புகளில் இந்த வாசிப்பைக் காணோமே என்பாரும் உளர். வழக்குகளில் பெரும்பாலானவை உரிமமில்லாத துப்பாக்கி பற்றியவை. அவற்றில் 25-ஆம் பிரிவே வேலையை முடித்துவிடுகிறது. இதற்கு மேல் அந்த மறுப்புக்குப் பதில் வேண்டியதில்லை.

கவனத்துக்குரியது வேறொன்று. 39-ஆம் பிரிவின்படி 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மாவட்ட நடுவரின் முன்னனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. காவல் ஆணையர் உள்ள பகுதியில் மாவட்ட நடுவர் என்றால் ஆணையரே என்கிறது 2-ஆம் பிரிவின் வரையறை. திருச்சி மாநகருக்கு 1997 முதல் காவல் ஆணையர் உண்டு. ஸ்ரீரங்கம் அவர் எல்லைக்குள் வருகிறது. கொள்ளிடப் பாலம் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வந்தால் புறநகர்க் காவல், அனுமதி தருபவர் ஆட்சியர். ஆக, பாலத்தின் தென்கரையில் பிடிபடும் உரிமமற்ற துப்பாக்கிக்குப் பிடித்த துறையின் தலைவரே அனுமதி தருகிறார். வடகரையில் வேறு துறைக்காரர் தருகிறார். உரிமம் உள்ளவரின் விதமீறலுக்கு, அதாவது 30-ஆம் பிரிவின் கீழ் வரும் வழக்குக்கு, இரு கரையிலும் யாருடைய முன்னனுமதியும் தேவையில்லை. உரிமத்தை ஒதுக்கிவைத்து விதத்தைப் பார்க்கும் 20-ஆம் பிரிவு மிகுதியாகத் தொடுவது இந்த உரிமக்காரரைத்தான். ஆயுதச் சட்ட வழக்குகளை ஆராய்பவர்கள் இனி 25-ஆம் பிரிவின் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல், 30-ஆம் பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றங்களில் சிறு அபராதத்தோடு முடிந்துபோன வழக்குகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.